மஞ்சள் தின்ற எலிகளைப் பற்றி வந்த செய்தி உண்மையா?

10 ஆகஸ்ட் 2025. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

கோவைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நரம்பியல் துறையில், மஞ்சள் கொடுத்த எலிகளுக்கு நினைவாற்றல் கூடியதாகச் செய்தித்தாளில் படித்தேன். என் தகப்பனாருக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு மாதமாகப் பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்கிறார். போன வாரம் சந்தையில் வண்டியை நிறுத்திய இடம் மறந்துபோய் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் மஞ்சள் வெள்ளாமை செய்கிறவர்கள். வீட்டு மஞ்சளையே தினமும் ஒரு கரண்டி கொடுக்கலாமா, மாத்திரைதான் வாங்க வேண்டுமா? அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இங்கே யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

10 ஆகஸ்ட், இரவு

இருக்கிறேன். அந்தச் செய்தியில் பெயரில்லாமல் "ஆராய்ச்சி மாணவி" என்று வந்திருப்பது நான்தான்.

குழம்பில் போடுகிற மஞ்சளை நிறுத்தவும் வேண்டாம், அதைக் கூட்டுவதால் மறதி நீங்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எலிக்கு நாங்கள் கொடுத்தது மஞ்சள் தூள் அன்று. அதிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின், உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள உங்கள் தகப்பனாருக்கு அதே விகிதத்தில் 6 கிராம் குர்குமின் வேண்டும். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 200 கிராம் மஞ்சள் தூள். ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வருகிற தூளை ஒருவர் ஒரே நாளில் தின்ன வேண்டும்.

11 ஆகஸ்ட், காலை

நேற்றிரவு போட்ட கணக்கு தவறு. தூக்கக் கலக்கத்தில், முதலாண்டு மாணவர்கள் செய்தால் நானே திருத்துகிற பிழையைச் செய்திருக்கிறேன்.

எலி சிறிய உயிர். அதன் உடல் மருந்தை நம் உடலைவிட வேகமாகச் செரித்து வெளியேற்றிவிடும். ஆகையால் எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது எடையைக் கொண்டு பெருக்காமல் உடற்பரப்பைக் கொண்டு மாற்றுவதுதான் வழக்கம். எலிக்கு 6, மனிதருக்கு 37 என்ற எண்களை வைத்து விகிதம் எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 16 மில்லிகிராம், அறுபது கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் குர்குமின், அதாவது 32 கிராம் போல மஞ்சள் தூள். இருநூறு இல்லை, முப்பத்திரண்டு. அதுவும் ஒரு கரண்டியில் அடங்காது என்பதால் பதில் மாறவில்லை, கணக்கு மாறியிருக்கிறது.

விழுங்கிய குர்குமின் இரத்தத்தில் ஏறுவதே அரிது என்பது அடுத்த சிக்கல். 1998ல் பெங்களூரில் செய்த ஆய்வொன்றில் 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவேயில்லை; 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்தபோது இருபது மடங்கு ஏறியது. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் மஞ்சள் மிளகுப் பாலின் பெருமையைப் பேசுகிறார்கள். அநேகமாக இல்லாத ஒன்றை இருபதால் பெருக்கினால் வருவதும் சொற்பந்தான் என்பதையும், அதுவும் முதல் ஒரு மணி நேரத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது என்பதையும் யாரும் பேசுவதில்லை.

13 ஆகஸ்ட்

செய்தி எப்படி வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மாதம் ஒரு செய்தியாவது தர வேண்டும் என்று மக்கள் தொடர்பு அலுவலகம் ஒவ்வொரு துறைக்கும் கடிதம் அனுப்பும். அந்த மாதம் எங்களிடம் இருந்தது இந்த எலிகள்தாம். நிருபர் வந்து, "இது மனிதர்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்டார். எங்கள் கைடு, "பிற்காலத்தில் பயன்படலாம்" என்றார். மறுநாள் அச்சில் "பயன்படும்" என்றிருந்தது. ஒரு "லா" உதிர்ந்ததில் பல ஆண்டு வேலை முடிந்துவிட்டது.

அன்று மாலையே மொடக்குறிச்சியிலிருந்து பெரியப்பா அழைத்தார். "ஏங்கண்ணு, உன்ற ஆராய்ச்சியால மஞ்சளுக்கு வெல ஏறுமா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்கள் குடும்பமும் மஞ்சள் குடும்பந்தான். கொப்பரையில் கிழங்கு வேகும் வாசனையில் வளர்ந்தவள் நான். இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது பாதி உண்மையாகிவிடும்.

17 ஆகஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எலிச் சோதனையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். செய்தியில் ஒரே வரியாக வந்தது நிகழ்ந்த விதம் இதுதான்.

வட்டமான தொட்டியில் நீர் நிரப்பி, பால் பவுடர் கலந்து வெண்மையாக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சிறு மேடையை வைப்போம். எலியைத் தொட்டியின் ஓர் ஓரத்தில் விட்டால் அது நீந்தித் தேடி மேடை மேல் ஏறி நிற்கும். நாளுக்கு நாள் அது எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்டு மோரிஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் வகுத்த முறை இது. மேடை தெரியாத எலி, அறைச் சுவரில் உள்ள பொருள்களை அடையாளமாக வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. எலியின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் அறையின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் துடிக்கின்றன என்று 1971ல் ஜான் ஓகீஃப் காட்டியதும், அதற்கு 2014ல் மோசர் தம்பதியருடன் நோபெல் பரிசு பெற்றதும் இதையொட்டிய கதை.

எங்கள் அறையில் அடையாளங்கள் மூன்று: அட்டையில் ஒட்டிய கறுப்பு முக்கோணம், நீலத் துணி, மஞ்சள் மண்டி ஒன்று கொடுத்த தினசரி காலண்டர். முதல் இரண்டும் நாங்கள் வைத்தவை. மூன்றாவது யாரோ மாட்டியது. முந்தைய ஆண்டு ஆயுத பூஜைக்கு அறையைக் கழுவியபோது அந்தக் காலண்டரை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் எல்லா எலிகளும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. மருந்தின் பலன் குறைந்துவிட்டது என்று இரண்டு நாள் கவலைப்பட்டோம். முக்கோணத்தையும் துணியையும் பொருட்படுத்தாமல் காலண்டரையே நம்பியிருந்த எலிகளுக்கு எங்களைவிட நினைவாற்றல் அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழுவுக்கு ஆறு எலிகள். கடலை எண்ணெய் மட்டும் பெற்றவை ஆறு, எண்ணெயில் குர்குமின் கலந்து பெற்றவை ஆறு. ஆறுக்கு ஆறு என்றால், இரு சராசரிகளுக்கு நடுவிலான வேறுபாடு ஒரே குழுவுக்குள் எலிக்கு எலி இருக்கும் சிதறலைப் போல 1.8 மடங்கு இருந்தால்தான் ஐந்தில் நான்கு முறையாவது அதைக் கண்டுகொள்ள முடியும். அவ்வளவு பெரிய வேறுபாட்டை மருந்து உண்டாக்குவது அரிது. 2013ல் பட்டன் என்பவரும் உடனாளர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் உள்ள வேறுபாட்டை இதே நீர்த்தொட்டியில் தேடிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவை சராசரியாக 22 விலங்குகளை வைத்துச் செய்தவை. இருக்கிற வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பு 18 சதவீதம். அதை எண்பதாக்க 134 விலங்குகள் வேண்டும். எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு.

எண்ணிக்கையைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறு. எந்த எலி எந்தக் குழு என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது அடிப்படை விதி. குர்குமின் தின்ற எலியின் கழிவே மஞ்சளாக இருக்கும். கூண்டில் விரித்த உமியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எலிக்கூடத்து அண்ணன் ஒவ்வொரு நாளும் மஞ்சள் கூண்டையே முதலில் எடுத்து வருவார். "எதுக்குங்கண்ணா?" என்று கேட்டதற்கு, "மங்களமா ஆரம்பிக்கட்டுங்க அம்மிணி" என்றார். நான் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தை அழுத்தினேன். விளைவு, மஞ்சள் எலிகள் எல்லாம் ஒன்பது மணிக்கு, அமைதியில், புதிய நீரில் நீந்தின. எண்ணெய் எலிகள் பதினொன்றுக்கு, வகுப்பு மாறும் இரைச்சலில், பன்னிரண்டு உயிர்களில் முதல் ஆறு கலக்கிவிட்டுப் போன நீரில் நீந்தின. நீந்தும் வேகத்தையும் அளக்கவில்லை. சீக்கிரம் மேடை ஏறிய எலிக்கு நினைவு கூடுதலா, அது வெறுமனே வேகமாக நீந்தியதா என்று இப்போது சொல்ல வழியில்லை.

18 ஆகஸ்ட்

தொட்டி எங்கே வாங்கினீர்கள் என்று ஒருவர். வாங்கவில்லை. மீன் வளர்க்கும் ஃபைபர் தொட்டி. மேடையும் எலி மூளையைச் சீராக நறுக்கும் பித்தளை அச்சும் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தவை. வெளிநாட்டு விலைப்பட்டியலைக் காட்டியபோது பட்டறைக்காரர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு மோட்டாரே பண்ணிரலாமுங்க" என்றார். அவர் செய்த அச்சு இன்றும் கோணவில்லை. கோவையில் நரம்பியல் படிப்பதில் உள்ள நன்மைகளில் இது முதன்மையானது.

24 ஆகஸ்ட்

இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுவதால்தான் இங்கே அல்சைமர் என்னும் மறதி நோய் குறைவு என்று மேலே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அரியானாவின் பல்லப்கட் வட்டாரக் கிராமங்களில் செய்த பழைய ஆய்வு ஒன்று அந்நோய் மிகக் குறைவு என்று காட்டியது உண்மை. அதற்கு மஞ்சளே காரணம் என்பது பிற்பாடு மற்றவர்கள் ஒட்டவைத்த விளக்கம். 2023ல் வந்த நாடு தழுவிய மதிப்பீட்டின்படி அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு அல்சைமர் உட்பட ஏதேனும் ஒரு வகை மறதி நோய் இருக்கிறது. அவர்களும் நம்மைப் போலவே மஞ்சள் போட்ட குழம்பு உண்டவர்கள்தாமே.

மனிதர்களிடம் செய்த சோதனைகளையும் கேட்டிருந்தீர்கள். 2012ல் அல்சைமர் உள்ள 36 பேருக்கு 24 வாரம், நாளொன்றுக்கு 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2018ல் லாஸ் ஏஞ்சலிஸில், நோய் இல்லாத 40 பேருக்கு, எளிதில் உட்கிரகிக்கும்படி செய்த குர்குமினை 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை 18 மாதம் கொடுத்தபோது நினைவுத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. செய்திகள் எடுத்துச் சொல்வது இரண்டாவதை மட்டுமே. நாற்பது பேர் சிறு கூட்டம் என்பதை ஆறு எலி வைத்துக்கொண்டவள் சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன்.

2 செப்டம்பர்

மூன்று வாரமாக இங்கே எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு தீமை நேர்ந்தது: பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன்.

எலிச் சோதனையோடு சோதனைக் குழாயிலும் ஒன்று செய்திருந்தோம். மூளையில் அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை அந்த நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. எலி மூளையை அரைத்த கரைசலில் குர்குமினைக் கலந்தால் நொதியின் வேகம் குறைகிறது, குர்குமினைக் கூட்டக் கூட்ட மேலும் குறைகிறது என்று எங்கள் வரைபடம் அழகாகக் காட்டியது. இதழில் நாங்கள் வெளியிட்ட கட்டுரையின் நம்பகமான பகுதி அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

நொதியின் வேகத்தை அளக்கும் எல்மன் முறையில், நொதி வேலை செய்யச் செய்யக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். அதை 412 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். குர்குமினும் மஞ்சள். அது ஒளியை உறிஞ்சும் உச்சம் 425க்கு அருகில். மஞ்சள் நிறத்தை அளக்கும் கருவிக்குள் மஞ்சளையே கொட்டியிருக்கிறோம்.

தொடக்கத்திலேயே நிறம் கூடித் தெரிந்தாலும் வேகத்தைத்தானே அளக்கிறோம், நிலையான நிறம் கழிந்துவிடுமே என்று முதலில் ஆறுதல் பட்டேன். பிறகுதான் ஆலம் நினைவுக்கு வந்தது. கல்யாணத்தில் மணமக்களுக்கு ஆலம் சுற்றும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகும் என்பது நம் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்பு போன்றவற்றின் காரத்தன்மையில் குர்குமின் நிலையாக இருப்பதில்லை. நடுநிலைக்குச் சற்று மேலான கரைசலில், உடல் வெப்பத்தில், அரை மணிக்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். எல்மன் முறையின் கரைசல் பி.ஹெச். 8, அதாவது நடுநிலையான 7ஐத் தாண்டிக் காரத்தின் பக்கம். ஆக, நொதி நிறத்தை ஏற்றிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் குர்குமின் சிதைந்து நிறத்தை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நாங்கள் "நொதி மெதுவாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறோம். குர்குமின் கூடக்கூட இறக்கமும் கூடும், வரைபடமும் அழகாகும்.

குர்குமின் மட்டும் உள்ள குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். குறிப்பேட்டில் அந்த நாளின் பக்கத்தில் "பிளாங்க்: வழக்கம் போல்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிளாங்க் என்றால் ஒப்பிட்டுக் கழிப்பதற்காக வைக்கும் குழாய்; வழக்கமான பிளாங்கில் குர்குமின் இல்லை.

4 செப்டம்பர்

திரும்பச் செய்து பார்க்கலாம் என்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. மைனஸ் 80 உறைபெட்டியைத் திறக்காமல் ஜெனரேட்டரைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 2012ல் நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாத காலத்தில் இதே துறையில் படித்தவர்கள் உறைபெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்த கதையைச் சொல்லி, எங்களைச் சுகவாசிகள் என்பார்கள்.

9 செப்டம்பர்

செய்தாயிற்று. இரண்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு.

குர்குமின் மட்டும் உள்ள குழாய் போதும் என்று எழுதியிருந்தேன், போதாது. மூளைக் கரைசலில் உள்ள புரதங்கள் குர்குமினைப் பற்றிக்கொண்டு அதன் சிதைவை மெதுவாக்குகின்றன. ஆகையால் வெறும் குர்குமின் குழாயின் இறக்கத்தைக் கழித்தால் அளவுக்கு மீறிக் கழித்துவிடுவோம். நேற்று அப்படிக் கழித்தபோது குர்குமின் நொதியை வேகப்படுத்துகிறது என்று விடை வந்தது. ஒரு கணம் இன்னொரு செய்தி கண்ணில் தெரிந்தது. சரியான பிளாங்கில் மூளைக் கரைசலும் குர்குமினும் எல்மன் வினைப்பொருளும் இருக்க வேண்டும். நொதி சிதைக்க வேண்டிய பொருள் மட்டும் இருக்கக் கூடாது.

அப்படி வைத்து மூன்று முறை செய்தேன். அழகான வரைபடம் போய்விட்டது. மிக உயர்ந்த செறிவில் மட்டும் சிறு குறைவு மிஞ்சுகிறது. அந்தச் செறிவு உயிருள்ள மூளைக்குள் ஏற வழியே இல்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. குர்குமின் பலவகைச் சோதனைகளில் பொய்யான விடை காட்டும் பொருள் என்றும், 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் உறுதியான பலன் நிறுவப்படவில்லை என்றும் 2017ல் வேதியியலாளர்கள் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார்கள். என் ஆய்வேட்டின் முன்னுரையில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன். மேற்கோள் காட்டுவதும் படிப்பதும் வேறுவேறு என்று இப்போது தெரிகிறது.

15 செப்டம்பர்

கைடிடம் சொன்னேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் சொன்னேன். அவர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது முதல்ல எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று, துறையில் ஒருவர், "யாரும் கேட்காதபோது எதற்கு?" என்று கேட்டார்.

அல்சைமர் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று, 2006ல் 'நேச்சர்' இதழில் வந்தது, படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை என்று தெரியவந்து 2024 ஜூனில்தான் திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள். அதோடு எங்களுடையதை ஒப்பிடாதீர்கள் என்று இங்கே ஒருவர் ஆதரவாக எழுதியிருக்கிறார். அது ஏமாற்று, எங்களுடையது கவனக்குறைவு, சரிதான். எங்கள் கட்டுரையை நம்பி அடுத்த குழாயில் குர்குமினை ஊற்றப்போகிற மாணவிக்கு அந்த வேறுபாட்டால் எந்த உதவியும் இல்லை.

மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கும் சொன்னோம். திருத்தத்தைச் செய்தியாக அனுப்பும் படிவம் அவர்களிடம் இல்லையாம்.

3 அக்டோபர்

கோபி வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர் கேட்டதற்கு நான் எட்டு வாரமாக எலிக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நல்லவேளையாக அவர் என்னை நம்பிக் காத்திருக்காமல் தகப்பனாரை நரம்பியல் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். பி12 வைட்டமின் குறைவு என்று பரிசோதனையில் வந்திருக்கிறது, ஊசி போடுகிறார்கள். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், இன்னும் சில மாத்திரைகள் என மறதியைப் போலத் தோன்றச் செய்யும், சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஊசியால் முழுதும் சரியாகிவிடும் என்று இப்போதே சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செறிவான குர்குமின் மாத்திரை தின்ற சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சமையலுக்கு உங்கள் வீட்டுக் கிழங்கை நீங்களே அரைத்துக்கொள்வது நல்லது. நிறத்துக்காக ஈயக் குரோமேட்டு கலந்த மஞ்சள் வங்கதேசத்தில் பிடிபட்டு 2019ல் ஆய்வாகவே வெளிவந்தது, ஈயம் மூளைக்கு நஞ்சு.

ஆயுத பூஜை முடிந்து அறை பளிச்சென்று இருக்கிறது. நுண்ணோக்கிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கும் சந்தனப் பொட்டு. இம்முறை கழுவுவதற்கு முன் நான்கு சுவர்களையும் படம் எடுத்து வைத்து, காலண்டரை அதே ஆணியில், அதே உயரத்தில் மாட்டிவிட்டேன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் புதிய விண்ணப்பம் தயாராகிறது: குழுவுக்கு எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்கோடு, சோதிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்றும் எழுதியிருக்கிறேன். எலிக்கூடத்து அண்ணனுக்கு அதில் மட்டும் மனத்தாங்கல்.